தூங்கியபடியே ஒன்பதாயிரம் அடி

கொழுந்தை அரைக்கும் ஆறு ரோலர்களும் ஒன்றாகச் சுற்றும்போது தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோருக்குள் ஒரு சத்தம் வரும். இரைச்சல் என்று மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். கந்தப்பனுக்கு அது தாலாட்டு. ஆனால் அந்தத் தாலாட்டைக் கேட்டுக்கொண்டே கண் விழித்திருப்பதுதான் அவருடைய வேலை. பகலில் வாட்டிய கொழுந்தை இரவில்தான் ரோலரில் போடுவார்கள். முப்பத்திரண்டு வருஷம், தோட்டம் தூங்கும்போது அவர் விழித்திருந்தார். தோட்டம் மலைக்கு ஏறும்போது அவர் பாயை விரித்தார்.

ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகிவிட்டது. இரவு வேலை நின்றது. பகல் தூக்கம் நிற்கவில்லை. சோறு தின்று ஒன்றரைக்குச் சாய்ந்தால் நாலரைக்குத்தான் எழுந்திருப்பார். அதற்காக இரவில் தூங்காமலும் இருப்பதில்லை. கேட்டால், "முப்பத்திரண்டு வருஷத் தூக்கம் அப்படியே மிச்சம் கெடக்கு, சாகுறதுக்குள்ள தூங்கி முடிக்கணும்" என்பார்.

நோர்வூட்டுக்கு மேலே, தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு வந்து கட்டிக்கொண்ட சின்ன வீடு. ஓர் அறை, சமைக்க ஒரு குசினி, முன்னால் திண்ணை மாதிரி ஓர் இஸ்தோப்பு. அறையில் ஒரே ஒரு கட்டில். அந்தக் கட்டிலை நோக்கி அன்று அவர் நடந்துகொண்டிருந்தபோதுதான் பூரணம் போனும் கையுமாக வழியை மறித்தாள். கொழுந்தெடுக்கும் வேலையிலிருந்து அவள் ஓய்வு பெற்று ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"ஏங்க, இதக் கொஞ்சம் கேளுங்க."

"தூங்கி எந்திரிச்சுக் கேக்குறேன்."

"தூங்குறதப் பத்தித்தாங்க போட்டிருக்கு." அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். "பகலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தூங்குவோர் கவனிக்க. தூக்கம் நோயைக் கொண்டுவருவதில்லை. உள்ளே ஒளிந்திருக்கும் நோயைக் காட்டிக்கொடுக்கிறது. சீனி வருத்தம், பிரஷர், இருதயம்..."

"யாரு அனுப்புனது இத?"

"நம்ம ஜெயந்தினிதான். கொழும்பிலருந்து."

"கொழும்புல உக்காந்திருக்கிற புள்ளைக்கி என் தூக்கத்துல என்னா வேல?"

"பாசந்தாங்க."

"பாசம்னா ஒரு நல்ல தலகாணி வாங்கி அனுப்பச் சொல்லு!"

அன்று அவருக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு மனுஷன் களவெடுத்தானா, குடித்துவிட்டு ரோட்டில் விழுந்தானா? தன் வீட்டில், தன் கட்டிலில், கண்ணை மூடினான். அதற்குப் பெயர் நோயா? புரளப் புரளக் கோபம்தான் ஏறியது. தான் கல்லு மாதிரி இருப்பதை நிரூபித்தே தீருவது என்று மறுநாள் காலையில் தோட்டத்து மருந்துக் காம்பராவுக்குப் படியேறினார். பூரணமும் கூடவே வந்தாள். வழி முழுக்கக் கந்தப்பன் கத்திக்கொண்டே போனார்.

அங்கே டாக்டரய்யா முத்துலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர், கையில் பிரஷர் பட்டியைச் சுற்றிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"நூற்றி அறுபது நிக்குது. என்னத்துக்கு இவ்வளவு கோபம், ஐயா?"

"எனக்கு நோயின்னு சொல்றாங்க, அதான் கோவம்!"

"நோய் எண்டு நான் இன்னும் சொல்லேல்லை. கோபம் இறங்கினாப் பிறகு வாங்கோ, திரும்பப் பாப்பம். பகலிலை ஒரு அரை மணித்தியாலம் கண்ணயர்ந்தால் பிழையில்லை. மூண்டு மணித்தியாலம் எண்டால், ஏன் எண்டு பாக்கத்தானே வேணும்? கொஞ்சம் நடவுங்கோ."

நூற்றி அறுபது என்ற செய்தி கந்தப்பன் வீடு திரும்பும் முன்பே கொழும்புக்குப் போய்விட்டது. அடுத்த கிழமை ஒரு பொதி வந்தது. உள்ளே கைக்கடிகாரம் மாதிரி ஒரு கறுப்புப் பட்டி. போனில் மகள் ஜெயந்தினி ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"அப்பா, இத அவுக்கவே கூடாது. நீங்க நடக்குற ஒவ்வொரு அடியும் என் போனுக்கு வந்துரும். ஒரு நாளைக்கி எட்டாயிரம் அடி. கொறஞ்சா நான் லீவு போட்டு வந்து உங்களக் கொழும்புக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். தலையிலருந்து கால் வரைக்கும் டெஸ்ட்."

கந்தப்பன் ஒரே ஒரு தடவை கொழும்பில் இருந்திருக்கிறார். மகளின் வீடு ஒன்பதாவது மாடி. நான்கு நாள் வேர்த்தது. ஜன்னலைத் திறந்தால் கீழே மனிதர்கள் எறும்பாகத் தெரிந்தார்கள். மூடினால் தான் புழுவாக வெந்தார். அந்த மாடிக்கு இன்னொரு தடவை போவதற்கு எட்டாயிரம் அடி மேல் என்று தோன்றியது.

மறுநாள் ஒன்றரை மணிக்கு, கட்டிலைக் கடைசியாக ஒரு தரம் பார்த்துவிட்டு, அவர் நடக்கப் புறப்பட்டார். பூரணம் வாசல்வரை வந்து குடையை நீட்டினாள். "மெதுவாப் போயிட்டு வாங்க. அவசரமே இல்ல."

பஸ் நிற்கும் இடம் வந்தபோது பட்டி அறுநூற்றுப் பன்னிரண்டு என்றது. முழங்கால் அதைவிட அதிகமாகச் சொன்னது. அப்போது நல்லதண்ணிக்குப் போகும் பஸ் வந்து நின்றது. மலைக்கு யாத்திரை போகும் சீசன் இல்லாத காலம். பின் சீட்டு முழுவதும் காலி. கொஞ்சம் உட்காரலாம் என்றுதான் ஏறினார். பஸ் உறுமியது. சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் கிளம்பி முதுகெலும்பு வழியாக மேலே வந்தது. ஆறு ரோலரும் ஒன்றாகச் சுற்றிய அதே சத்தம். இந்தத் தடவை விழித்திருக்கச் சொல்ல எவனும் இல்லை.

கொண்டக்டர் லக்ஸ்மன்தான் தோளைத் தட்டினான்.

"மாமா, நல்லதண்ணி வந்துருச்சு. எறங்கலயா?"

"இல்லடா. சும்மா காத்து வாங்க வந்தேன்."

"ஜன்னல் மூடியிருக்கே?"

"மூடுன காத்துதான் ஒடம்புக்கு நல்லதாம். டாக்டரய்யா சொன்னாரு."

திரும்பி வரும்போதும் தூங்கினார். நோர்வூட்டில் இறங்கி, பயந்து பயந்து மணிக்கட்டைப் பார்த்தார். ஒன்பதாயிரத்து நாற்பது! கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார். அப்புறம் விளங்கியது. மஸ்கெலியாவுக்கு அப்பால் அந்த ரோடு ஒரு மனுஷனைத் தூக்கிப் போடுகிற போடலில், ஒவ்வொரு குழிக்கும் பட்டி ஓர் அடி எழுதிக்கொண்டிருக்கிறது. அந்தக் குழிகளை அவர் மனதாரக் கும்பிட்டார்.

இப்படி ஐந்து கிழமை. தினமும் மூன்று மணித்தியாலம் சுகமான தூக்கம். தினமும் ஒன்பதாயிரத்துக்குக் குறையாத நடை. கொழும்பில் மகள் தன்னோடு வேலை செய்கிறவர்களிடமெல்லாம் அப்பாவைப் பற்றிப் பெருமை பேசினாள். கந்தப்பனும் சும்மா இருக்கவில்லை. கோயிலடியில் இளவட்டங்களை நிறுத்திவைத்துப் பாடம் எடுத்தார். "நடக்குறப்ப கைய இப்படி வீசணும். மூச்ச வயித்துக்கு எறக்கணும். இந்தக் காலத்துப் பயலுகளுக்கு நடக்கவே தெரியல." பூரணம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் முகம்கூட இப்போதெல்லாம் கொஞ்சம் தெளிந்திருந்தது. புருஷன் உடம்பைப் பற்றிய கவலை அவளுக்கு நீங்கியதுதான் காரணம் என்று நினைத்துக் கந்தப்பன் சற்று நெகிழ்ந்தும் போனார். பாவம், ஏமாற்றுகிறோமே என்றுகூட ஒரு நாள் தோன்றியது. அதற்குள் பஸ் வந்துவிட்டது.

ஆறாவது கிழமை மழை பிடித்துக்கொண்டது. ஒரு புதன்கிழமை, மஸ்கெலியா தாண்டுவதற்கு முன்பே பஸ் நின்றது. மேட்டிலிருந்து மண் சரிந்து, இரண்டு மரத்தோடு ரோட்டின் குறுக்கே படுத்திருந்தது. பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள். பாதித் தூக்கத்தோடு கந்தப்பன் வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று ஆகவில்லை.

வீட்டில் சத்தமே இல்லை. குசினியில் ஆள் இல்லை. அறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளிப் பார்த்தார்.

ஜன்னல் சீலை இழுத்துவிட்டிருந்தது. கட்டிலின் நடுவில், அவருடைய கம்பளியைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு, பூரணம் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. சின்னதாகக் குறட்டைகூட வந்தது.

கந்தப்பன் நிலைப்படியிலேயே நின்றார். கல்யாணம் முடித்து முப்பத்தாறு வருஷம். இவர் ஸ்டோரிலிருந்து வரும்போது அவள் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போயிருப்பாள். அவள் கூடையை இறக்கி வரும்போது இவர் புறப்படுகிற நேரம். பகல் வெளிச்சத்தில் அவள் கண் மூடிக் கிடந்து அவர் பார்த்ததே இல்லை. நெற்றியில் கூடைக் கயிறு போட்ட தடம் இன்னும் இருந்தது.

ஒரு நிமிஷம்தான். அப்புறம் கோபம் வந்து சேர்ந்தது.

"ஏய் பூரணம்!"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "என்னங்க, பஸ்ஸு மஸ்கெலியா தாண்டலயா?"

கந்தப்பன் பட்டி கட்டிய கையைப் பின்னால் மறைத்தார்.

"எந்த... எந்த பஸ்ஸு?"

"லக்ஸ்மன் மொத நாளே சொல்லிட்டான். மூடுன காத்து வாங்குனீங்களாமே."

"தெரிஞ்சுகிட்டா இத்தன நாளும் பேசாம இருந்த? மத்தியானம் தூங்குனா சீனி, பிரஷர், இருதயம்னு வாசிச்சியே! என் தூக்கத்தக் கெடுக்கத்தான..."

"உங்க தூக்கத்த யாருங்க கெடுத்தா? வீட்டுல தூங்கக் கூடாதுன்னுதான் நெனச்சேன். பஸ்ஸுல தாராளமாத் தூங்குங்க."

"அப்ப அந்தத் தகவலு?"

"மத்தியானத் தூக்கத்தப் பத்திப் பயமுறுத்துற மாதிரி ஏதாச்சும் இருந்தாத் தேடி அனுப்புன்னு நான்தான் கேட்டேன். அதப் படிச்சுட்டுப் பயந்தது புள்ளயோட சொந்த வேல." பூரணம் இப்போதுதான் ஒரு கண்ணைத் திறந்தாள். "நீங்க தூங்கணும்னு முப்பத்திரண்டு வருஷம் நம்ம வீட்டுல ஒரு கரண்டி கீழ விழுந்ததில்ல. லீவு நாள்லகூடத் தேங்காய எடுத்துட்டுத் தண்ணி புடிக்கிற பீலிக்கரைக்குப் போயித்தான் ஒடச்சேன். நானும் வேலைய முடிச்சு வீட்டுல வந்து உக்காந்தா, இருக்குறது ஒரு கட்டிலு. அதுல நீங்க. உங்களோட ஒரு கொறட்ட."

"கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேனா?"

"கேட்டேன். சித்திரையில ரெண்டு தடவ. நீங்க தூங்கிக்கிட்டு இருந்தீங்க."

கந்தப்பன் மெல்ல வந்து கட்டிலின் ஓரத்தில் உட்காரப் பார்த்தார். பூரணம் காலை நீட்டிக்கொண்டாள்.

"கையில எத்தன அடி காட்டுது?"

பார்த்தார். "ரெண்டாயிரத்து நூறு."

"அய்யய்யோ, இன்னும் ஆறாயிரம் கெடக்கே! கொறஞ்சாப் புள்ள நாளைக்கே வந்து நிக்கும்." கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். "கொட கதவு மூலையில இருக்கு. போறப்ப மெதுவாச் சாத்திட்டுப் போங்க."

மண்ணை அள்ளி ரோட்டைத் திறக்க இருபத்து மூன்று நாள் ஆனது. இருபத்து மூன்று நாளும் கந்தப்பன் நடந்தார்.