சொல்லிவிட்டுப் போட்ட மூன்று பந்துகள்

சுழற்பந்து வீசுகிறவனுக்கு விரல் வேண்டும், தோள் வேண்டும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும். வாய் தேவையில்லை. இந்தச் சிறிய உண்மையைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு நாடுகள் தேவைப்பட்டன.

முதல் நாடு இலங்கை. மருதமுனைக் கடற்கரையில் விளையாடிப் பழகியவன் நான். அங்கே அலை இரைச்சலுக்கு மேலால் கத்தினால்தான் விக்கெட் காப்பவருக்குக் கேட்கும். அதனால் என்ன பந்து வரப்போகிறது என்பதை ஒவ்வொரு முறையும் சத்தமாக அறிவித்துவிட்டே போடுவேன். (மட்டையாளருக்கும் கேட்கும்தான். ஆனால் மணலில் விழுந்த பந்து எந்தப் பக்கம் போகும் என்பது போட்ட எனக்கே தெரியாது என்பதால் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.) மாவட்ட அணித் தெரிவுக்கு மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை வாசலில் வைத்தே, "தம்பி, நீங்க போன முறையும் வந்தீங்கதானே" என்று அன்பாகத் திருப்பி அனுப்பினார்கள்.

பிறகு கல்யாணம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவது. சாய்ந்தமருதில் மனைவியின் வீட்டில் ஏழு மாதம் இருந்துவிட்டு, வளைகுடா நாடொன்றில் களஞ்சியக் காப்பாளனாகப் போய்ச் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமைகளில் அங்கே ஆடிய ஆட்டத்தைப் பார்த்த ஒருவர், மூன்று வருடம் தொடர்ந்து இருந்துவிட்டதால் அந்த நாட்டு அணிக்கே நான் ஆடலாம் என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை. மாமனாருக்கு அழைப்பெடுத்து, பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டுக்கு விளையாடுவது சரியா என்று கேட்டேன்.

"என்ன மகன் கதைக்கிறீங்க? மருதமுனையிலிருந்து எங்கட வீட்டுக்கு வரக்குள்ள அழுதீங்களா? மாப்பிள்ளைமாருக்கு இதெல்லாம் பழக்கம்தானே."

நாடு மாறினேன்.

அந்த அணியில் ஆளுக்கொரு மொழி. தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மூன்று வருடமாகக் களஞ்சியத்தில் பெட்டிகளோடு தமிழில் கதைத்துப் பழகியிருந்ததால், இனி யாருக்கும் விளங்காது என்ற தைரியத்தில் பந்துகளை இன்னும் சத்தமாக அறிவித்தேன். அணித் தலைவர் அதை ஏதோ துஆ, பிரார்த்தனை என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நிற்பார்.

அப்போதுதான் இலங்கையிலிருந்து இருபத்துமூன்று வயதுக்குட்பட்ட இளையோர் அணி ஒன்று வந்தது. பயிற்சியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அடுத்த மாதம் எங்கள் அணி இலங்கைக்குச் சுற்றுப்பயணம் போகிறது, இந்த ஆட்டத்தில் ஒழுங்காகப் போட்டால் நானும் போகலாம், இல்லாவிட்டால் அந்த இடம் இன்னொரு சுழற்பந்து வீச்சாளருக்கு. மாவட்ட அணியே வேண்டாம் என்ற ஒருவன் வெளிநாட்டுச் சட்டையோடு கொழும்பில் வந்து இறங்குவதை நினைத்து எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மாமா அதற்குள் ஊரையே கொழும்புக்கு ஏற்றிப்போக ஒரு வேன் பேசிவிட்டார்.

கடைசி ஓவர் என் கையில் வந்தது. அவர்களுக்குப் பதினான்கு ஓட்டங்கள் வேண்டும். எதிரே தலைக்கவசத்துக்குள் ஒரு மெலிந்த பொடியன். சட்டை முதுகில் அவர் பெயர் எழுதியிருந்தது. ஆனால் பந்து வீசுகிறவனுக்கு மட்டையாளரின் முதுகு தெரியாது. இலங்கை அணிக்குள் தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கலாம் என்ற எண்ணம், இலங்கையில் தமிழைத் தவிர வேறெதுவும் ஒழுங்காகக் கதைக்கத் தெரியாத எனக்கு வரவேயில்லை.

பிஸ்மி சொன்னேன். "இது உள்ளுக்குக் கிறுகி வரும்" என்று அறிவித்தேன். (எங்கள் பக்கத்தில் திரும்புவதைத்தான் கிறுகுவது என்போம்.) பந்து சொன்னபடியே கிறுகியது. பொடியன் அது கிறுகும் இடத்தில் முன்கூட்டியே போய் நின்று ஆறு ஓட்டத்துக்கு அடித்தார்.

தற்செயல் என்று நினைத்தேன். "சரி, இத மெதுவாத் தூக்கி, வெளிய கொண்டுபோறன்." அவர் இறங்கி வந்து வெளியே போய் நான்கு அடித்தார்.

இன்னும் நான்கு ஓட்டங்கள்தான் மிச்சம். வேன், மாமா, கொழும்பு எல்லாம் கண்ணுக்குள் வந்தன. நான் அறிவிப்போடு ஒரு நேர்த்திக்கடனையும் சேர்த்துக்கொண்டேன்.

"யா அல்லாஹ், இந்த ஓவர் மட்டும் தப்பினா மாமிட சொதிய நான் சாகுமட்டும் குறை சொல்லமாட்டன். இப்ப வேகமா, காலடிக்கு விடுறன்."

பொடியன் சிரித்தார். பயத்தில் சிரிக்கிறார் என்று கணக்குப் போட்டேன். பந்து காலடிக்குத்தான் போனது. கால் அங்கே இல்லை. மட்டை இருந்தது. நான்கு.

மூன்று பந்து மிச்சமிருக்க ஆட்டம் முடிந்தது. கை கொடுக்க வந்தவர் தலைக்கவசத்தைக் கழற்றினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. நீங்க எந்த ஊர்? நான் பொத்துவில். கிறுகும் எண்டு சொல்லக்குள்ளயே எங்கட பக்கத்து ஆள் எண்டு வெளங்கிட்டு."

(எங்கள் பக்கத்தில் அண்ணனைத்தான் காக்கா என்போம்.) நான் சலாத்துக்குப் பதில் சொன்னேனா என்று ஞாபகமில்லை. சொல்லவில்லையென்றால் அதுவும் என் கணக்கில்தான் இருக்கும்.

குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். நன்றாகவே அழுதேன். பயிற்சியாளர் அன்றைக்கே இடத்தை மற்றவருக்குக் கொடுத்துவிட்டார். வெளியே வந்து பார்த்தால் மாமாவின் அழைப்பு ஒன்பது தடவை வந்திருந்தது. ஆறுதல் சொல்லப்போகிறார் என்று எடுத்தேன்.

"மகன், ஸ்டம்புக்குள்ள மைக் வெச்சிருக்கானுகளாம். நீங்க சொன்னது முழுக்க டீவியில கேட்டிச்சி. வீடு நிறைய ஆக்கள்."

"மாமியும் இருந்தாங்களா?"

"ஓம். முன்னுக்குத்தான் இருந்தா."

மாமா கதையை மாற்றினார்.

"அது கிடக்கட்டும். அந்த அடிச்ச பொடியன் ஆர்ட மகன்? கலியாணம் முடிச்சிட்டாரா?"

மாமாவுக்கு இளைய மகள் ஒருத்தி இருந்தாள். கொழும்புக்குப் பேசிய வேன் அடுத்த கிழமை பொத்துவிலுக்குச் சம்பந்தம் பேசப் போனது.

நான் சாதாரண விடுமுறையில், சாதாரண சட்டையோடு, அந்தக் கல்யாணத்துக்கு ஊர் வந்தேன். பொத்துவில் பொடியனும் எங்கள் வழக்கப்படி ஊர் மாறி, மாமா வளவிலேயே அடுத்த வீட்டுக்குக் குடிவந்தார். பெரிய அணி அவரையும் எடுக்கவில்லை. இப்போது கல்முனையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். நானும் ஊரோடு வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லோருக்கும் ஒன்றாகச் சாப்பாடு. அதில் மாமியின் தேங்காய்ப்பால் சொதி கட்டாயம்.

ஓவர் தப்பவில்லை, ஆகவே நேர்த்தி செல்லாது என்பது என் வாதம். மாமி அதை ஏற்றுக்கொள்வதில்லை. அல்லாஹ்விடம் சொன்னதைத் திருப்பி வாங்கக்கூடாதாம். சாட்சிக்கு வெளியே ஆள் தேடவும் வேண்டியதில்லை, காதால் கேட்ட பொத்துவிலார் பக்கத்தில் உட்கார்ந்து மீன் பிய்த்துக்கொண்டிருக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை சொதியில் உப்பு கடல் அளவுக்கு இருந்தது. ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"எப்பிடி மகன் சொதி?" என்றார் மாமி.

நான் இன்னும் வாயே திறக்கவில்லை. பொத்துவிலார் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்:

"நல்லம் எண்டு சொல்லப்போறார் மாமி."

"நல்லம் மாமி" என்றேன்.

மாமி இன்னும் இரண்டு அகப்பை ஊற்றினார்.