பதினேழாம் நம்பர் முகம்

பதினேழாம் நம்பர் முகம் திரையில் வந்ததும் மனைவியின் கண்மணி விரிந்தது. கொஞ்சநஞ்சமாகவா விரிந்தது? கருவி போட்ட கோடு கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே போனது.

"ஐயோ" என்று தாடியைப் பிடித்துக்கொண்டான் மாப்பிள்ளை.

ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு அதுதான் பெயர். டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் அதே இடத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டு, வீட்டோடு மாப்பிள்ளையாக ஒட்டிக்கொண்டவன். முகத்தைப் பார்க்கும்போது கண்ணும் மூளையும் என்ன செய்கின்றன என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது அவன் பிழைப்பு. நெருங்கிப் பழகிய முகத்தைக் கண்டால் கண்மணி விரியும், முன்பின் தெரியாத முகத்துக்கு விரியாது என்பது அவன் வருடக்கணக்காக மாரடித்துக் கண்டுபிடித்தது. கடைசியில் அது அவன் தலையிலேயே விடிந்தது.

அன்று சாயங்காலம் பேராசிரியையிடம் முடிவுகளைக் காட்ட வேண்டும். சோதனைக்கு வருவதாகச் சொன்ன ஆள் கைவிரித்துவிட்டார். சாப்பாட்டு டப்பாவோடு வந்த மனைவியைப் பிடித்து உட்காரவைத்து, படங்களைப் போடும் வேலையை ஆராய்ச்சி மாணவி சின்னவளிடம் தள்ளிவிட்டான். எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். முடி, காது எல்லாவற்றையும் வெட்டி முட்டை முட்டையாக வைத்திருந்தார்கள்.

"அதுல தெரிஞ்ச முகம் ஏதாவது இருந்துச்சா?" என்று ஒன்றும் இல்லாததுபோல் கேட்டான்.

மனைவி சிரித்தாள். "ஒண்ணு இருந்துச்சே."

"யாரு?"

"ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி கேக்காதீங்க. சாப்பிடுங்க, ஆறிடும்."

அவனுக்குச் சோறு இறங்கவில்லை. திரையில் அந்தப் பயல் மழுமழுவென்ற கன்னத்தோடு இவனையே பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் இப்படியா?

"கருவியில ஏதோ கோளாறு. இன்னொரு தடவை உட்காரு" என்றான்.

உட்கார்ந்தாள். இந்தத் தடவை கோடு இன்னும் உயரப் போனது. போதாக்குறைக்கு உதட்டில் ஒரு சிரிப்பு வேறு.

ஒருவேளை பயல் அழகனோ? எந்தப் பெண் பார்த்தாலும் விரியுமோ? அந்த நப்பாசையில், பக்கத்து அலுவலகத்துக் கணக்காளர் அம்மாவைக் கெஞ்சிக் கூட்டிவந்து உட்காரவைத்தான். பதினேழு வந்தபோது அந்த அம்மா கொட்டாவி விட்டார். கோடு படுத்தது படுத்தபடியே கிடந்தது.

ஆக, அழகும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. அவள் ஒருத்திக்கு மட்டும்தான் விரிகிறது. மாப்பிள்ளைக்கு வயிறு எரிந்தது. பதினேழாம் முகத்தை முடிவுகளிலிருந்தே அழித்துவிட்டான்.

சனியன் விட்டால்தானே? பேராசிரியை முன்னதாகவே வந்துவிட்டார்.

"பதினாறுக்கு அப்புறம் பதினெட்டு இருக்கு. பதினேழு எங்கப்பா?"

"அந்த முகம் வேண்டாம் மேடம்."

"ஏன்?" பேராசிரியை மூலப் படத்தைத் திறந்து பார்த்தார்.

"திருட்டு முழி மேடம். நாலு பேர் நடுவுல வைக்கிற மூஞ்சியா அது? பாத்தாலே தெரியுது, குடும்பத்தைக் கெடுக்கிற பய."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார். "என்னப்பா இப்படிச் சொல்றே? எனக்குத் தெரிஞ்சு தங்கமான பையன். கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்."

"உங்களுக்கும் அவனைத் தெரியுமா?"

சத்தம் கேட்டு, டப்பாவை வாங்கிப் போகக் காத்திருந்த மனைவி எட்டிப்பார்த்தாள். பேராசிரியை பக்கத்தில் இருப்பதையும் மறந்து அவன் வெடித்தான்.

"சொல்லு! இவனை எத்தனை நாளாத் தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியுமே. ஏன்?"

"பிடிக்குமா?"

மனைவி பேராசிரியையைப் பார்த்து வெட்கப்பட்டாள். "என்னங்க இது, எல்லார் முன்னாடியும்... பிடிக்கும்."

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப அவனையே கட்டிக்கிட்டிருக்க வேண்டியதுதானே!" என்றான்.

மூலையில் இருந்த சின்னவள் தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"அண்ணா, சோதனைக்குத் தெரிஞ்ச முகம் ஒண்ணு வேணுமேன்னு நான்தான் அதைச் சேர்த்தேன். நீங்க இங்க சேர்ந்த அன்னிக்கு, தாடி வைக்கறதுக்கு முன்னாடி எடுத்த உங்க படம்."