முச்சந்தியில் எலுமிச்சம்பழம் வைத்த ஜெண்டர் நைனா

திருப்பதியில் இதுவரை மொட்டை போட்டுக்கொண்ட தலைகள் அத்தனையையும் அலசிப் பார்த்தாலும், ஜெண்டர் நைனாவின் தலை மாதிரி ஒரு காலித் தலை கிடைக்காது. இத்தனைக்கும் அது முடி நிறைந்த தலை. அதற்குக் கீழே, ஒரு குடும்பமே நிழலுக்கு ஒதுங்கலாம் போன்ற மீசை. இந்த மீசையை வைத்துக்கொண்டு அந்த மனிதர் எங்களோடு திருப்பதியில் படித்தது பாலினமும் சர்வதேச வளர்ச்சியும் என்கிற எம்.ஏ. எங்கள் பக்கம் அப்பாவையும் பெரியவர்களையும் நைனா என்போம்; வகுப்புக்கே மூத்தவர் என்பதால் அவர் ஜெண்டர் நைனா ஆனார்.

நான் ஏன் அதில் சேர்ந்தேன் என்று கேட்காதீர்கள். பொருளாதாரத்தில் இடம் கிடைக்கவில்லை. இதில் சேர்ந்தால் ஹாஸ்டல் கிடைக்கும், வகுப்பு முழுக்கப் பெண்கள் என்றார்கள். இரண்டும் உண்மைதான். இரண்டு வருஷத்தில் அந்தப் பெண்கள் என்னிடம் பேசிய ஒரே வாக்கியம், "பிரதர், கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

சித்தூரில் என் மாமாவுக்கு இந்தப் படிப்பை விளக்குவதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. "ஜெண்டர்னா, ஃபார்ம்ல ஆணா பொண்ணான்னு டிக் அடிக்கிறோமே, அதானே? அந்த ஒரு டிக்குக்கு ரெண்டு வருஷமாடா?" என்றார். சர்வதேசம் என்ற பேருக்காவது ஒரு விமானம் ஏறுவோம் என்று நம்பியிருந்தேன். கடைசியில் நாங்கள் போன தூரதேசம் சித்தூர் பக்கத்துக் குடிபாலா. இன்னும் கொஞ்சம் நடந்திருந்தால் வேலூர் ஜில்லாவே வந்திருக்கும். அதுதான் எங்கள் சர்வதேச எல்லை.

நைனாவின் கதை வேறு. அவர் ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பெண் தொழிலாளர்களின் புகாரை எப்படிக் கேட்பது என்று ஒரு நாள் மத்தியானம் பயிற்சி கொடுத்தார்கள். மற்ற சூப்பர்வைசர்கள் சமோசா சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்கள். நைனா மட்டும் ஞானம் பெற்று எழுந்தார். அங்கே புகார் அறை என்று ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவர் மேனேஜரின் மச்சான். புகார் சொல்ல வந்தால், "ஏம்மா, இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று கேட்பது அவர் உத்தியோகம். "முறையா படிச்சிக்கினு வா, அந்த ரூமு உனக்குத்தான்" என்று மேனேஜர் பேச்சுக்குச் சொல்லிவைத்தார். உலகத்தில் மேனேஜர் பேச்சை நம்பிய கடைசி மனிதர் நைனாதான். கிளம்பும்போது லைனில் வேலை செய்த பெண்கள், "அண்ணா, நீங்க வர்ற வரைக்கும் நாங்க யார்கிட்ட சொல்றது?" என்று கேட்டார்களாம். அந்தக் கேள்வியை டிபன் பாக்ஸ் மாதிரி போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு திரிந்தார்.

அவர் மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ். "இவர் ஊட்ல இருந்தா என்னையே ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்காரு. காலேஜிலயாவது கட்டிப் போடுங்க" என்று அந்த அம்மாவே ஹாஸ்டலில் கொண்டுவந்து விட்டுப் போனார்.

நைனாவின் ஆராய்ச்சி இரண்டே கேள்விகளில் அடங்கும். "உங்க ஊட்ல காலையில மொதல்ல எழுந்துக்கிறது யாரு? கடைசியில துன்றது யாரு?" ஷேர் ஆட்டோ டிரைவரிடம் முதல் கேள்வியைக் கேட்டார். "கொசு" என்றான் அவன். நைனா அதையும் ஒரு பதிலாக மதித்து யோசித்தார்.

இரண்டாவது கேள்வியை ஹாஸ்டல் மெஸ்ஸில் கேட்டதுதான் வினை. கடைசியில் சாப்பிடுவது சமையல் அக்காக்கள் என்று தெரிந்ததும் மனிதருக்கு மீசை துடித்தது. "இன்னைலருந்து அக்காங்க மொதல்ல துன்னுவாங்க. நாம பரிமாறுவோம்" என்று அறிவித்துவிட்டார். நாம என்றால் நானும் அவரும்தான். மற்றவர்கள் தட்டோடு வரிசையில் நின்று எங்களைச் சபித்தார்கள். நைனா ரசத்தைக் கொண்டுபோய்த் தயிர் குண்டானில் ஊற்றினார். நான் சாம்பாரை என் லுங்கிக்கே பரிமாறிக்கொண்டேன்.

அக்காக்கள் கால் நீட்டி உட்கார்ந்து, "இன்னாப்பா, அப்பளம் இவ்ளோ தூரத்துல வெச்சா எப்படி? இந்த மெஸ்ஸுக்கு யாரு பொறுப்பு?" என்று நாங்கள் தினமும் அவர்களைக் கேட்டதை எங்களிடமே கேட்டார்கள். மறுநாள் பெரியக்கா கரண்டியோடு வந்தார். "யோவ் நைனா, எங்களுக்கு வெடுதலை வேணாம், கரண்டியக் குடு. நீ பரிமாறினா பாதி சோறு தரைக்குத்தான் போவுது." அந்தப் புரட்சி அத்தோடு முடிந்தது.

படிப்பின் கடைசியில் களப்பணி. கிராமத்துப் பெண்களின் வேலைச்சுமை பற்றி ஆய்வு. வகுப்பில் ஆண்கள் இரண்டு பேர்தான் என்பதால் எங்களை ஜோடியாக்கிக் குடிபாலா பக்கம் ஒரு ஊருக்கு அனுப்பினார் துறைத்தலைவி. "பெண்கள் குழுவாக உட்கார்ந்து பேசியாக வேண்டும். பேசாவிட்டால் பட்டம் கிடையாது" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

போன முதல் நாள் ஒரு பெண்கூட வாய் திறக்கவில்லை. மீசை வைத்த ஒருவரும் மீசை முளைக்காத ஒருவரும் வாசலில் நின்று, "உங்கள் சுமை என்ன?" என்று கேட்டால் யார்தான் பேசுவார்கள்? "எங்க ஊட்டுக்காரர் வரட்டும், அவராண்ட கேட்டுக்கோ" என்று கதவு சாத்தினார்கள்.

அன்று சாயங்காலம் நைனா பாலாற்று மணல் லாரி மாதிரி கனத்த மூச்சு விட்டார். "தம்பி, இது ஃபெயிலானா அந்த ரூம்ல மச்சானே உக்காந்துக்கினு இருப்பான். அந்தப் பொண்ணுங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" எனக்கு அவ்வளவு கவலை இல்லை. ஃபெயிலானால் இன்னொரு வருஷம் ஹாஸ்டல் சோறு.

அப்போதுதான் அவருக்கு எங்கள் பாடம் ஞாபகம் வந்தது. கேள்வி கேட்காதே, ஊரின் வரைபடத்தைத் தரையில் வரை, ஜனங்கள் தாமாக வந்து பேசுவார்கள், உள்ளூரில் கிடைக்கிற பொருளையே பயன்படுத்து என்பது எங்கள் துறையின் வேதவாக்கு. நைனா பொருள் சேகரித்தார். தெருவுக்குக் கோலமாவு. ஓடைக்கு மஞ்சள் தூள். விறகு அடுப்பு எரிகிற வீட்டுக்குக் கரித்துண்டு. சண்டை சத்தம் கேட்ட வீட்டுக்குக் காய்ந்த மிளகாய். தண்ணீர்க் குழாய் இல்லாத வீட்டுக்கு எலுமிச்சம்பழம். இடம் விசாலமாக இருக்கிறதே என்று முச்சந்தியைத் தேர்ந்தெடுத்தார். பெண்கள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன், விடிந்தும் விடியாத நேரத்தில் உட்கார்ந்து வரைந்து முடித்தோம். அன்றைக்கு அமாவாசை. அது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

முதலில் வந்தது பால் கறக்க மாடு ஓட்டி வந்த ஒரு அம்மா. முச்சந்தியில் மஞ்சள், மிளகாய், கரி, எலுமிச்சம்பழம், நடுவில் குத்துக்காலிட்ட ஒரு மீசை. அந்த அம்மா போட்ட சத்தத்தில் மாடே திரும்பி ஓடிவிட்டது.

ஊர் கூடிவிட்டது. "எவரய்யா மீரு? யாருய்யா நீங்க? யாருக்குச் செய்வினை வைக்கறீங்க?" என்றார் ஒரு பெரியவர்.

"செய்வினை இல்ல நைனா, இது வளர்ச்சி" என்றார் நைனா.

"யாரோட வளர்ச்சி?"

"சர்வதேச வளர்ச்சி."

கூட்டம் இரண்டடி பின்னால் போனது. இது பெரிய இடத்து மந்திரம் என்று முடிவாகிவிட்டது. எங்களை முச்சந்தியை ஒட்டிய பால் சொசைட்டி அறையில் தள்ளிப் பூட்டினார்கள். ஒருவன் ஜன்னல் வழியாக எங்களை வீடியோ எடுத்து, எடுத்த கையோடு வாட்ஸாப்பிலும் அனுப்பினான். நான் மூலையில் பால் கேனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். வீடியோவில் கேன்தான் தெளிவாக விழுந்திருந்தது.

ஒரு பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். "நாங்க உனக்கு இன்னாய்யா பண்ணோம்? கோலத்துல எங்க ஊடு இருக்கற எடத்துல எதுக்கு எலுமிச்சம்பழம் வெச்ச?"

"உங்க ஊட்ல கொழாய் இல்லியேம்மா. அதுக்குத்தான்."

கம்பியை உலுக்கியவள் திரும்பி முச்சந்தி வரைபடத்தைப் பார்த்தாள். பின்னாலிருந்து இன்னொரு குரல்: "அப்ப எங்க ஊட்டுக்கு ஏன் வைக்கல?"

"உங்களுக்குக் கொழாய் இருக்குதே."

"கொழாய் இருக்குது. தண்ணி உங்க நைனாவா கொண்டாந்து ஊத்தினாரு? எனக்கும் வை எலுமிச்சம்பழம்!"

அவ்வளவுதான். ஆளாளுக்கு எலுமிச்சம்பழம் கேட்டார்கள். மாட்டைத் துரத்திப் பிடித்துக்கொண்டு வந்த அம்மா, தன் வீட்டுக் கொல்லையிலிருந்தே ஒரு மடி பழம் பறித்து வந்து வரைபடத்தில் கொட்டினாள். ஒருத்தி தன் வீட்டு மிளகாயை எடுத்து எதிர்வீட்டுக்கு மாற்றினாள். உடனே அங்கே நிஜமாகவே ஒரு சண்டை நடந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாரும் வரைபடத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கம்பிக்குள்ளிருந்து நைனா மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, உங்க ஊடுங்கள்ல காலையில மொதல்ல எழுந்துக்கிறது யாரு?"

சிரித்தார்கள் பாருங்கள், ஊரே அதிர. அப்புறம் பேச ஆரம்பித்தவர்கள் நிறுத்தவில்லை. குடம், விறகு, மாடு, மாமியார், கூலி, முதுகுவலி எல்லாம் வந்தது. வீடியோ எடுத்தவனைப் பார்த்து அவன் பெண்டாட்டி, "போனை வெச்சிட்டுப் போய்ப் பால் கற" என்றாள். போனான். சாவி வைத்திருந்த அம்மா பேச்சு சுவாரசியத்தில் எங்களைத் திறந்துவிடவே மறந்துபோனாள். நைனாவுக்கும் அது ஞாபகமில்லை. ஜன்னல் கம்பியில் மீசை அழுந்த அழுந்தக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குத்தான் அவசரமாக வெளியே போக வேண்டியிருந்தது.

திருப்பதிக்கு நாங்கள் திரும்புவதற்கு முன்பே, 'இரு மந்திரவாதிகள் பிடிபட்டனர்' என்ற தலைப்போடு வீடியோ துறைத்தலைவிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வாய்மொழித் தேர்வில் எங்களைக் கிழித்துத் தோரணம் கட்டப்போகிறார்கள் என்று நான் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். ஆனால் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "ஆய்வாளர்கள் சிறையில், பங்கேற்பாளர்கள் சுதந்திரமாக! அதிகாரத்தையே தலைகீழாக்கிவிட்டீர்கள். இந்த முறையை எங்கே கற்றீர்கள்?"

"பால் சொசைட்டியில மேடம்" என்றார் நைனா. பாஸ்.

எனக்கும் பட்டம் கிடைத்தது. அதை வைத்து வேலை கிடைக்காததால்தான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். நைனா ஸ்ரீ சிட்டிக்குத் திரும்பிப் போய், கொடுத்த வாக்கை மேனேஜருக்கே ஞாபகப்படுத்தி, அந்த அறை கிடைக்கும்வரை வாசலைவிட்டு நகரவில்லையாம். இப்போது அங்கே மேசை கிடையாது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வைத்திருக்கிறார். "ஊட்டு சோபாவையும் வட்டமா திருப்பி வெச்சிட்டாரு, டீவி பாக்க முடியல" என்று அவர் மனைவி போனில் அழாத குறை.

முச்சந்தியில் எலுமிச்சம்பழம் கிடந்தால் ஜனங்கள் சுற்றிக்கொண்டு போகிறார்கள். நான் மட்டும் நின்று, அக்கம்பக்கம் பார்க்கிறேன், எந்த வீட்டில் தண்ணீர் வரவில்லை என்று. அப்படியே, அந்த மீசை எங்கேயாவது தெரிகிறதா என்றும்.