பசுந்தாங்கில் சர்ச்சிலின் பதவிக்காலம்

இங்கிலாந்தின் போர்க்காலப் பிரதமர் சர்ச்சிலுக்கு அவர் நாட்டு மக்கள் இழைத்த அநீதியைத் திருத்திய பெருமை, ரங்கூன் நகரின் பசுந்தாங் பகுதியில், ஒரு மூன்றாம் மாடியில் நடந்த எங்கள் மாலைநேர ஆங்கில வகுப்பையே சேரும். மிகைப்படுத்துகிறேனோ என்று இருமுறை யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ராணுவ ஆட்சியில் பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்த 1997. ஆண்டுவிழாவில் ஆங்கிலத்தில் பேசுபவருக்கே சான்றிதழ். அது கிடைத்தால்தான் ஹோட்டல் வரவேற்பறையில் எனக்கு வேலை. ஆசிரியர் சயா சுலைமான் எனக்குத் தந்த தலைப்பு ‘சர்ச்சிலின் வாழ்வும் புகழும்’. விழாவுக்கு அனுமதி வேண்டுமானால் பேச்சை முன்கூட்டியே பேட்டை அலுவலகத்தில் காட்ட வேண்டும். நாட்டின் ‘அமைதி’ அவ்வளவு கவனமாகக் காக்கப்பட்டது.

அங்கே எழுத்தர் கோ பிரேம்நாத், ரங்கூனின் தாமுவே பகுதித் தமிழர், சிவப்புப் பேனாவோடு படித்தார். சுருட்டு தப்பியது. வெற்றி தப்பியது. அந்தப் போரில் நம் தாத்தாக்கள் ரங்கூனை விட்டு நடந்தே ஓடியதும் தப்பியது. ‘ஐரோப்பாவில் வென்ற அதே ஆண்டு தேர்தலில் தோற்றுப் பதவி விலகினார்’ என்ற இடத்தில் பேனா நின்றது.

“சண்டையில ஜெயிச்சவர எவன் எறக்குவான்?”

“சனங்க ஓட்டுப் போட்டாங்க, அண்ணே.”

“போடட்டும். போட்டா எறங்கிடணுமா?”

ஏழு வருஷத்துக்கு முன் நாங்களும் ஓட்டுப் போட்டோம்; தோற்ற ராணுவம் இறங்கவில்லை. ஆறு வருஷம் கழித்து மறுபடி பிரதமரானார் என்று சமாதானம் சொன்னேன்.

“திரும்பி வந்தாருல்ல? அப்ப போகவே இல்லன்னு எழுது.”

முதுமையில் ஓய்வு பெற்ற வரியும் போனது; அது யாருக்கோ ‘யோசனை’ சொல்வது போலிருக்கிறதாம். மரணம் அபசகுனம் என்று அடிக்கப்பட்டது. சயாவிடம் முறையிட்டேன். வரலாறு வேறு, வகுப்புக்கான உரிமம் வேறு என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

விழாவன்று பேட்டைத் தலைவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். சான்றிதழ் அவர் மடியில் இருந்தது. நான் பேசி முடித்ததும் பர்மிய மொழியில் அன்பாக விசாரித்தார்.

“நல்ல மனுஷன். இப்ப என்ன செய்யிறாரு?”

வகுப்பே என்னைப் பார்த்தது. சயா, மின்சாரமின்றி நின்றுபோன மின்விசிறியைப் பார்த்தார்.

“இன்னும் பிரதமராத்தான் இருக்காருங்க,” என்றேன்.

“இருக்கட்டும். நாடு பக்குவப்படுற வரைக்கும் இருக்கட்டும்,” என்று ஆசீர்வதித்துச் சான்றிதழைக் கொடுத்தார்.

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் சொன்னது பிழையோ என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு. ஆனால், செத்து முப்பது வருஷம் கழிந்தவரே பதவியில் நீடிக்கும்போது, உயிரோடு இருப்பவர்களை இறங்கச் சொல்ல நான் யார்?