கண் மூடாத பங்காளி

சோலையப்பனின் வலது கண் விழித்திருந்தது. இடது கண் எப்போதோ தூங்கப் போய்விட்டது.

"ஏங்க, ஒத்தக் கண்ணு மூடியிருக்கு" என்றாள் பரிமளா.

"மூடலடி. ஓய்வெடுக்குது."

"பெரியப்பா இங்கிட்டுத்தான் வர்றாரு."

சோலையப்பன் அவசரமாக இடது இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு தன் மனைவியைப் பார்த்து அசடு வழியச் சிரித்தார். வகையறாவுக்கே மூத்தவரான கண்ணுசாமி பெரியப்பா, அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கடந்து போனார்.

சிவராத்திரி கழிந்த காலை அது. கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் முந்திரிக்காட்டுக்குள் இருக்கும் கருப்பர் கோயிலில் பங்காளிகள் எல்லாரும் கூடியிருந்தார்கள். கருப்பரின் பட்டும் வெள்ளி அங்கியும் உள்ள சாமிப் பெட்டி, சிவராத்திரி அன்று காலையில் ஊரிலிருந்து கோயிலுக்கு வரும். மறுநாள் பொழுது சாய ஊர் திரும்பும். திரும்பும்போது அதைத் தலையில் சுமப்பவன், இடையில் ஒரு பொட்டுக்கூடத் தூங்கியிருக்கக் கூடாது. இரவெல்லாம் விழித்துவிட்டுப் பகலில் குட்டித் தூக்கம் போட்டாலும் போச்சு.

வருஷா வருஷம் பெட்டி தூக்குகிறவன் கோபிநாத். சோலையப்பனுக்குச் சித்தப்பா மகன். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவன். உறுமி முழங்க, பெண்கள் குலவையிட, அவன் பெட்டியோடு நடந்து வரும்போது தெருவே கும்பிடும். பரிமளாவும் கும்பிடுவாள். கும்பிட்டுவிட்டுச் சும்மாவும் இருக்க மாட்டாள்.

"கோபி தம்பி கண்ணப் பாருங்க, எப்புடிச் செவந்து கெடக்குன்னு. சாமி கண்ணுங்க அது."

சோலையப்பனுக்குப் பற்றிக்கொண்டு வரும். வயதில் மூத்தவர் இவர். முறைப்படி பெட்டி இவருடையது. தடையாக இருந்தது தூக்கம் ஒன்றுதான். சோலையப்பன் படுக்க வேண்டியதில்லை, சாய்ந்தாலே போதும். தஞ்சாவூரில் பஸ் ஏறிக் கந்தர்வக்கோட்டையில் இறங்க வேண்டியவர், புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் தட்டி எழுப்பித்தான் இறங்குவார். மச்சினன் கல்யாண வீடியோவில் இவர் வரும் இடமெல்லாம் வாய் திறந்தே இருக்கும்.

இதைக் கோபிநாத்தும் விட்டுவைப்பதில்லை. பார்க்கும்போதெல்லாம், "எப்புடிண்ணே படுத்தவொடனே தூங்குறீங்க? தலகாணியில என்ன பஞ்சு?" என்று கேட்பான். எவ்வளவு குத்தல் பாருங்கள். போன மாதம் அவன் மனைவி சிவரஞ்சனி, "விருந்தாளி வந்திருக்காங்கக்கா" என்று பரிமளாவிடம் சோலையப்பனின் இலவம்பஞ்சுத் தலையணையை வாங்கிக்கொண்டு போனாள். இன்னும் வந்து சேரவில்லை. பெட்டியும் அவர்களுக்கு, தலையணையும் அவர்களுக்கு. இதற்கு ஊரில் பங்காளிக் காய்ச்சல் என்று பேர். எந்த மெடிக்கல் ஷாப்பிலும் இதற்கு மாத்திரை கிடையாது.

இந்த வருஷம் சோலையப்பன் பெரியப்பாவிடம் நேராகவே போய் நின்றுவிட்டார். "மூத்தவன் நானு. எனக்கும் பெட்டி வேணும்."

பெரியப்பா தாடையைச் சொறிந்தார். "நீயும் முழிச்சிரு. ரெண்டு பேரும் முழிச்சிருந்தா, வழக்கமாத் தூக்குறவனே தூக்கட்டும். அவன் தூங்கி நீ முழிச்சிருந்தா, பெட்டி ஒனக்கு."

மேளமும் டீயும் புண்ணியம் கட்டிக்கொண்டதில் இரவு எப்படியோ ஓடிவிட்டது. பகல்தான் ஓட மாட்டேன் என்றது.

இடது கண்ணை எழுப்புவதற்குத் தலைவலித் தைலத்தை எடுத்தார். இமைக்குக் கீழே ஒரு துளி என்றுதான் நினைத்தார். ஆனால் கையும் அரைத் தூக்கத்தில் இருந்ததால் பாட்டில் சாய்ந்துவிட்டது. அடுத்த நிமிஷம் இரண்டு கண்ணும் திறக்கவில்லை. கன்னம் வழியாகத் தாரை தாரையாக ஓடியது.

அந்தப் பக்கமாகப் போன ஒரு பெண், "கருப்பரு மேல என்னா உருக்கம்" என்று தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உருக்கமெல்லாம் சரி" என்றாள் பரிமளா. "ரெண்டு கண்ணையும் மூடிட்டு ஒக்காந்திருந்தா, தூங்குறீங்கன்னுல்ல சொல்லுவாங்க."

"அப்பப் பேசிக்கிட்டே இருக்கேன். தூங்குறவன் பேச மாட்டான்ல."

"நா போயித் தண்ணி கொண்டாரேன். பேசுங்க."

என்ன பேசுவது? மனசில் இருந்ததுதான் வாயில் வந்தது.

"இந்தக் கோபி பய இருக்கானே, பெட்டியத் தூக்குனா அவன் நடக்குற நடையப் பாத்திருக்கியா? என்னமோ கருப்பரையே இவன்தான் பெத்து வளத்த மாதிரி. முழிச்சிருக்குறது பக்தியிலன்னா நெனைக்கிற? மெதப்பு. மேளம் அடிக்கிறாங்கள்ல, குலவ போடுறாங்கள்ல, அந்த மெதப்பு. அடுத்தவன் தலகாணியத் திருப்பிக் குடுக்க வக்கில்ல, இவனுக்குப் பெட்டி ஒரு கேடு. ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் அவன் வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்கி நா பாக்கணும்."

முகத்தில் யாரோ குளிர்ந்த தண்ணீரை மெல்ல ஊற்றினார்கள். எரிச்சல் அடங்க, பேசிக்கொண்டே கண்ணைத் திறந்தார். எதிரே செம்புடன் உட்கார்ந்திருந்தான் கோபிநாத்.

"சொல்லுங்கண்ணே" என்றான். "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவன் குரலில் கோபமே இல்லை. கண்கள் மட்டும் சிவப்பாக, நன்றாக விழித்திருந்தன. சோலையப்பனுக்குக் கண்ணெரிச்சல் போய் வயிற்றெரிச்சல் வந்தது.

உட்கார்ந்தால்தானே தூக்கம், நின்று வேலை பார்த்தால் வராது என்று மத்தியானப் பந்தியில் சாம்பார் வாளியைக் கையில் எடுத்தார். முதல் வரிசை ஒழுங்காகப் போனது. இரண்டாவது வரிசையில் மணமேல்குடியிலிருந்து வந்திருந்த சேவுகன் மாமா இலைக்கு முன்னால் வந்ததும், சோலையப்பன் நின்றுவிட்டார். கை நிற்கவில்லை.

"போதும் மாப்ள."

கரண்டி மறுபடி வந்தது.

"போதுங்கிறேன்ல."

சாம்பார் சோற்றைத் தாண்டி, இலையைத் தாண்டி, மாமாவின் வேட்டிக்கு வந்து சேர்ந்தது. "மாப்ள, நா கடலோரத்து ஆளுதான். அதுக்காக இம்புட்டா?"

பெரியப்பா வந்து வாளியைப் பிடுங்கினார். "தூங்குனியா?"

"தூங்குறவன் கரண்டியப் புடிப்பானா பெரியப்பா? தாராளமா ஊத்துனேன்."

"இன்னொருக்கா இப்புடிப் பாத்தேன், பெட்டிப் பக்கமே வராத."

சோலையப்பன் கை கழுவும் இடத்தில் நின்று யோசித்தார். பொழுது சாய இன்னும் நேரம் கிடக்கிறது. கோபிநாத் பந்தலுக்குக் கீழே கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருக்கிறான். இவர் விழித்திருந்து மட்டும் என்ன ஆகப்போகிறது? அவன் தூங்கியாக வேண்டும். அவனாகத் தூங்காவிட்டால்? தூக்கத்தைப் பற்றி இந்த வகையறாவில் தன்னைவிட விவரம் தெரிந்தவன் யார் என்று நினைத்ததுமே சோலையப்பனின் முகம் தெளிந்துவிட்டது.

நேரே கோபிநாத்திடம் போனார்.

"தம்பி, காலையில பேசுனத மனசுல வச்சுக்காத. தைலம் பேச வச்சிருச்சு. வா, சாப்புடலாம்."

கோபிநாத் திகைத்துப்போய் எழுந்து வந்தான். சோலையப்பன் தாமே பரிமாறினார். சாம்பாருக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, கெட்டித் தயிரில் பிசைந்து ஒரு சோறு, மேலே பாயசம். "வேண்டாண்ணே" என்றபோதெல்லாம், "அண்ணன் கையால ஒரு வாய்" என்றார். பிறகு காற்று நன்றாக வரும் ஒரு முந்திரி மரத்தடியில் ஜமுக்காளம் விரித்தார்.

"படுக்க வேணாம். சும்மா சாஞ்சுக்க."

சிவரஞ்சனியையும் கூப்பிட்டார். "தம்பி முதுகுக்கு ஒரு தலகாணி இருந்தாக் குடும்மா."

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஓடிப்போய் வேனிலிருந்து ஒரு தலையணையைக் கொண்டுவந்தாள். சோலையப்பனுக்கு அடையாளம் தெரியாதா? உறையில் இவர் தலை எண்ணெய்க் கறைகூட அப்படியே இருந்தது. சிவரஞ்சனியின் கண் கலங்கியிருந்தது. களவு பிடிபட்ட பயம் என்று நினைத்துக்கொண்டார். பெட்டிக்காகக் கோபத்தை விழுங்கினார்.

பிறகு கதையை ஆரம்பித்தார். கதை என்றால் வேறொன்றுமில்லை, தம் வடக்குக் கொல்லைக்குப் பட்டா மாற்றியது. இந்தக் கதையை முழுதாகக் கேட்டவர்கள் கந்தர்வக்கோட்டை வட்டாரத்தில் யாருமில்லை.

"வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போனேன். தாலுகா ஆபீசுக்குப் போன்னாரு. அங்கிட்டுப் போனா, மனுவ ஆன்லைன்ல போடுன்னாங்க. போட்டேன். சர்வேயர் வரணும்னாங்க. சர்வேயர் லீவு."

"அப்பறம்ணே?"

"மறுவாரம் போனேன். சர்வேயர் மீட்டிங்."

"அப்பறம்?"

"சர்வேயர் வந்துட்டாரு. அளக்குற சங்கிலி வரல."

"அப்ப..."

சோலையப்பனுக்கும் கதை தாலாட்டாகத்தான் இருந்தது. மடியில் ஒளித்து வைத்திருந்த பச்சை மிளகாயைக் கடித்தார். நாக்கு எரிய, கண்ணில் நீர் வழிய, குரல் மட்டும் ஏறாமல் இறங்காமல், "சங்கிலி வந்துச்சு, கல்லக் காணல" என்று தொடர்ந்தார்.

"அப்பறம்" வரவில்லை.

கோபிநாத்தின் தலை தலையணைக்குள் சரிந்திருந்தது. வாய் பிளந்திருந்தது. முதலில் ஒரு சீழ்க்கை, அப்புறம் சுத்தமான ஒரு குறட்டை. சோலையப்பன் தம் வாழ்நாளில் கேட்ட எந்தச் சங்கீதமும் அத்தனை இனிமையாக இருந்ததில்லை.

கோயிலுக்கு ஓடினார். "பெரியப்பா, தூங்கிட்டான். வந்து பாருங்க, வாயப் பொளந்துக்கிட்டு..."

பெரியப்பா அவர் வாயை இறுகப் பொத்தினார். அடிமேல் அடி வைத்து மரத்தடிக்குப் போய் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து கருப்பரைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். பிறகு மேளக்காரர்களிடம், "உறுமிய ஓரமா வைங்கப்பா. ஒரு அடி விழக் கூடாது" என்றார்.

"பெட்டி?" என்றார் சோலையப்பன்.

"ஒனக்குத்தான். சத்தம் போடாமத் தூக்கு."

பொழுது சாய்ந்தது. சோலையப்பன் தலையில் பெட்டி ஏறியது. இந்த நடைக்காக அவர் பீரோக் கண்ணாடி முன்னால் ஒரு மாதம் பழகியிருந்தார். ஆனால் பார்க்கத்தான் ஆள் இல்லை. உறுமி இல்லை. குலவையிட வாயெடுத்த பெண்களைப் பெரியப்பா கையைக் காட்டி அடக்கினார். கூட்டம் முழுவதும் நுனிக்காலில் நடந்தது. எல்லார் கண்ணும் அந்த முந்திரி மரத்தடியில்தான் இருந்தது. பரிமளாகூட அந்தப் பக்கம் திரும்பித்தான் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பெட்டியைத் தூக்கினாலும் அவனைத்தான் பார்க்கிறார்கள், பெட்டியை விட்டாலும் அவனைத்தான் பார்க்கிறார்கள். சோலையப்பனுக்கு ஆற்றாமை தாளவில்லை. மரத்தடி வந்ததும் கால் தானாக நின்றது.

சிவரஞ்சனி புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"பெட்டி எங்கிட்ட வந்ததுக்கு ஏம்மா மேளத்த நிறுத்துறாங்க?" என்றார் சோலையப்பன்.

"மெதுவாப் பேசுங்க மச்சான்" என்று அவள் கிசுகிசுத்தாள். "இவருக்குப் படுத்தாத் தூக்கமே கெடையாது. பாக்காத டாக்டரு இல்ல. ஒங்க தலகாணியக்கூட அதுக்குத்தான் வாங்கிட்டுப் போனேன். ஒங்க பெரியப்பா சொல்லித்தான் வேண்டுதலுக்குப் பெட்டி தூக்க ஆரம்பிச்சாரு. ஒங்ககிட்ட மட்டும் சொல்ல வெக்கம்."

"எங்கிட்ட என்ன வெக்கம்?"

சிவரஞ்சனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வருஷா வருஷம் பெட்டியச் சொமந்துக்கிட்டு இவரு கருப்பருகிட்ட கேட்டதே ஒங்க தூக்கத்தத்தான் மச்சான்."