ஏரியில் நின்ற புள்ளி

இரண்டு கைகளாலும் பாறையில் அடித்திருந்த சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த காலை எங்கே வைப்பது என்று அவள் தேடிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

அது அவளுடைய போன் இல்லை, அறைத்தோழியின் போன். அவளுடைய போன் இந்நேரம் பல்கலைக்கழக நூலகத்தின் இரண்டாவது மாடியில் சமர்த்தாகப் படித்துக்கொண்டிருக்க வேண்டும்.

"உங்கப்பா மெசேஜ் மேல மெசேஜ் அனுப்பறார்டி," என்றாள் அறைத்தோழி, நூலகத்திலிருந்து. உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய மாட்டாள் என்பதால் அவளுக்கு 'ஆணி' என்று பெயர். "நாலு மணி நேரமா புள்ளி நகரவே இல்லையாம். மயக்கம் போட்டு விழுந்துட்டியான்னு கேக்கறார்."

வெளிநாட்டில் படிக்க அனுப்பும்போது அப்பா இரண்டு நிபந்தனைகள் விதித்திருந்தார். மலைப் பக்கமும் தண்ணீர்ப் பக்கமும் தலைவைத்துப் படுக்கக் கூடாது. அவள் இருக்கும் இடம் போன் வரைபடத்தில் ஒரு புள்ளியாக அவருக்கு எந்நேரமும் தெரிய வேண்டும். மீறினால் படிப்பு போதும், அடுத்த விமானத்தில் வீடு.

பதிலுக்கு அவளும் ஒன்று விதித்தாள். மாரடைப்பு வந்து பிழைத்த மனிதர் தினமும் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. அடிகளையும் நாடித்துடிப்பையும் எண்ணி அவளுக்கு அனுப்பும் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினாள்.

அப்பா சொன்ன சொல் தவறவில்லை. காலை பத்துக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் முடித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாளும் மட்டும் ஓர் அடி நகராது. ஓய்வு பெற்றும் உத்தியோகப் புத்தி போகவில்லை என்று அவள் சிரித்துக்கொள்வாள். அப்பேர்ப்பட்ட மனிதரை ஏமாற்றுகிறோமே என்று மலையேற்றக் குழுவின் வண்டியில் ஏறும்போதே உறுத்தியது. உறுத்தியதே தவிர, இறங்கவில்லை.

"கொஞ்சம் எழுந்து நடடி," என்றாள் ஆணியிடம்.

"நானா?"

"நீதான். நூலகத்தைச் சுத்தி ரெண்டு சுத்து சுத்து, போதும்."

மேலேயிருந்து வழிகாட்டி கத்தினார். "போனை உள்ள வைம்மா! ரெண்டு பக்கமும் பள்ளம்!"

வைத்தாள். கீழே பார்க்காமல் இருபது அடி ஏறியிருப்பாள். மறுபடி அதிர்ந்தது.

"யாரோட வண்டியில இவ்வளவு வேகமாப் போறேன்னு கேக்கறார்டி."

"உன்னை நடக்கத்தானே சொன்னேன்?"

"வெளியில குளிருது. பஸ்ல ஏறிட்டேன். உட்கார்ந்துகிட்டே நகரலாம்ல?"

"அப்பாவுக்கு என்ன பதில் போட்டே?"

"பல்வலி, டாக்டர்கிட்ட போறேன்னு போட்டேன். எந்தப் பல்லுன்னார். எல்லாப் பல்லும்னுட்டேன்."

"அடிப்பாவி! அடுத்த ஸ்டாப்புல இறங்கித் தொலை!"

"இறங்கத்தான் பாக்கறேன், ஆனா இந்த பஸ்…"

சிக்னல் போய்விட்டது. சங்கிலி முடிந்து சற்றே அகலமான பாறைத்திட்டு வந்ததும் செய்தியாக வந்து விழுந்தது: "இது ஏரியைத் தாண்டற பஸ்ஸாம். பஸ்ஸோட சேர்த்து என்னையும் படகுல ஏத்திட்டாங்க. நடு ஏரியில இருக்கேன்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாயிற்று. மலைக்கு வந்ததை மறைக்கப் போய்ப் புள்ளி தண்ணீரில் இறங்கிவிட்டது.

அடுத்த செய்தி: "பல் டாக்டர் படகுலதான் இருக்கார்னு சொல்லியிருக்கேன். அப்புறம், உன் போன்ல சார்ஜ் ஒரு சதவீதம்தா"

அத்தோடு நின்றது. திருப்பி அழைத்தாள். அவளுடைய போன் அணைந்திருந்தது.

அப்பாவின் கண்ணில் இப்போது என்ன படும் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். மகளின் புள்ளி ஏரிக்குள் போகிறது, நடுவில் நிற்கிறது, அப்புறம் அசையவே இல்லை. அம்மா வேலைக்குப் போயிருப்பாள். வீட்டில் அவர் தனி.

கைக்கடிகாரக் கணக்கை ஆணியின் போனிலும் ஏற்றி வைத்திருந்தாள். திறந்து பார்த்தாள். ஒன்பதாயிரத்து நூறு அடி. நாடித்துடிப்பு தொண்ணூற்றாறு. மனிதர் பதற்றத்தில் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடக்கிறார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூற்றுப் பதினெட்டு ஆயிற்று. நூற்றுப் பத்தைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவர் வாக்கு. அதற்குள் சிக்னல் மறுபடி போனது.

"சார், போன் எங்க எடுக்கும்?"

"உச்சியில மட்டும்தான்," என்றார் வழிகாட்டி.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"பயப்படாம ஏறினா பத்து நிமிஷம். பயந்தா அரை மணி."

அவள் ஏழு நிமிடத்தில் ஏறினாள். முட்டி சிராய்த்தது, கையுறை ஒன்று பள்ளத்துக்குப் போனது, எதுவும் உறைக்கவில்லை. பட்டமும் வேண்டாம், படிப்பும் வேண்டாம், அப்பா மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு ஏறினாள்.

உச்சியில் போன் உயிர்பெற்றது. ஒரே நிமிடத்தில் முந்நூறு அடி. துடிப்பு நூற்று நாற்பத்திரண்டு.

ஓடுகிறார்! தெருவில் இறங்கி ஓடுகிறார்!

உடனே வீடியோ அழைப்பை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"அப்பா! அப்பா, உட்காருங்கப்பா! ஓடாதீங்க!"

"உட்கார்ந்துதானேம்மா இருக்கேன்."

உட்கார்ந்துதான் இருந்தார். சாய்வு நாற்காலியில், வாரிய தலை கலையாமல். கண்ணில் கலக்கம் இருந்தது, ஆனால் மூச்சு வாங்கவில்லை.

"புள்ளி தண்ணிக்குள்ள நின்னுடுச்சேம்மா. உயிரே போயிடுச்சு. நீ எங்கே இருக்கே? தலையில என்ன அது, சட்டி?"

"ஹெல்மெட்ப்பா. மலை மேல இருக்கேன். என் போனைத் தோழிகிட்ட கொடுத்து நூலகத்துல உட்கார வச்சிட்டு, உங்களை ஏமாத்திட்டு வந்துட்டேன். மன்னிச்சிடுங்கப்பா." போனை முகத்தருகே கொண்டுவந்தாள். "படபடன்னு வருதா? மாத்திரை போட்டீங்களா? நாடி நூத்தி நாப்பத்திரண்டு காட்டுதே!"

அப்பா தன் இடது கையை மெல்லத் துண்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். பிறகு குரலை உயர்த்தினார்.

"என் நாடி இருக்கட்டும். உன்னைக் கண்காணிக்கிற கருவியை இன்னொருத்தர் கையில கொடுத்துட்டு ஊர் சுத்தறியா? பெத்தவனை ஏமாத்த எப்படிம்மா மனசு வந்துச்சு? நான் உனக்குக் கொடுத்த வாக்கை ஒரு நாள் மீறியிருப்பேனா?"

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "இல்லப்பா."

"படிச்சது போதும். மூட்டையைக் கட்டு. இன்னைக்கே டிக்கெட்…"

அவருக்குப் பின்னால் வாசல் மணி அடித்தது.

"யாரும் இல்ல," என்றார் அப்பா அவசரமாக. "நான் அப்புறம் பேசறேன், வச்சிடறேன்." இணைப்பைத் துண்டிக்க அவர் விரல் திரையெல்லாம் தடவியது, பொத்தான்தான் அகப்படவில்லை. அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு, தோளில் கடிதப் பையோடு மூச்சு வாங்க உள்ளே வந்தார் தபால்காரர்.

"சார், பத்தாயிரம் ஆயிடுச்சு. கடைசித் தெருவுல நாய் வேற துரத்திடுச்சு, அதுல ஒரு முந்நூறு கூடவே இருக்கும். வாட்ச்சைக் கழட்டிடவா?"