டாப் கியர் கொடுத்த ஆப்ஷன்

ரோடு ரோலரில் போய் ஒரு பஸ்ஸை ஓவர்டேக் செய்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவருடைய ரோலருக்கு முன்னால் சிவப்புக் கொடி பிடித்துக்கொண்டு நடந்தவன் நான். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

அந்த பஸ் வடக்குப்பட்டு தாண்டி, பின் சக்கரத்தைக் கழற்றிப் போட்டு, ஜாக்கி மேல் நின்றுகொண்டிருந்தது என்பது உண்மைதான். அதையெல்லாம் அவர் கணக்கில் சேர்க்க மாட்டார். ஹாரன் அடித்தார். கையை நீட்டி சிக்னல் காட்டினார். ஜாக்கி பக்கத்தில் குந்தியிருந்த பஸ் டிரைவரைப் பார்த்து, "சைடு குடு நைனா, ரோடு இன்னா உன் ஊட்டுதா?" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டுக் கடந்துபோனார். மறுநாள் டீக்கடையில் அவர் சொன்னபோது அது ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸாகிவிட்டது.

அவரை எல்லாரும் டாப் கியர் என்றுதான் கூப்பிடுவோம். சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். நெடுஞ்சாலைத் துறையில் ரோலர் டிரைவர். ரோலர் வருகிற வேகத்தில் ஒரு ஆடு சாலையைக் கடந்து, மேய்ந்து, மனசு மாறித் திரும்பியும் வந்துவிடும். ஆனாலும் காற்றில் முடி கலைந்துவிடும் என்று தலையில் கர்ச்சீப் கட்டியிருப்பார். கறுப்புக் கண்ணாடி வேறு.

1991-ல் ஒரகடம் ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் வயலும் ஏரியும்தான். "பாத்துனே இரு கொடி, இந்த ரோட்டுல ஒரு நாளு கார் செஞ்சி, அத்த லாரில அடுக்கினு போவாங்க" என்பார். கொடி என்பது நான்தான். அவர் விட்ட கதைகளில் பலித்தது அது ஒன்றுதான்.

ரோலர் ஓட்டுகிறவனுக்கு நோயே வராது என்பது அவர் கட்சி. "இந்த ஆட்டத்துல எந்த நோயிடா உள்ள உக்காரும்? உக்காந்தா நசுங்கிடும்" என்பார். எங்கள் ஆட்களில் யாருக்காவது வயிற்று வலி என்றால் ரோலரில் ஏற்றி ஒரு ரவுண்டு அடிப்பார். இறங்கும்போது வயிற்று வலி போயிருக்கும். முதுகு வலி வந்திருக்கும். முதுகு வலி தன் டிபார்ட்மெண்ட் இல்லை என்று சொல்லிவிடுவார்.

இப்படிப்பட்டவர் வீட்டிலேயே நோய் வந்து உட்கார்ந்தது. அவர் மனைவி கன்னியம்மா அக்காவுக்குப் பித்தப்பையில் கல். வலி வந்தால் அக்கா அடுப்படியிலேயே சுருண்டுவிடும். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், தள்ளிப் போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாப் கியர் சிரித்தார்.

"கல்லா? கல்ல ஒடைக்கிறதுதான என் தொழிலே? ஏறி உக்காரு."

கொட்டிய ஜல்லி மேல் ரோலரில் அக்காவை உட்கார வைத்துப் போவதும் வருவதுமாக ஓட்டினார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கியது.

"உன் கல்லு ரோட்டுல கீதுய்யா. என் கல்லு வவுத்துல கீது. ரெண்டும் ஒண்ணா?"

அரசாங்க ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போக வசதியும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்கு ஒரு மருத்துவத் திட்டம் வந்தது. இரண்டு வழி. மாதாமாதம் மருந்துச் செலவுக்கென்று கையில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் சம்பளத்தில் கொஞ்சம் பிடிக்க விட்டு, குடும்பத்துக்கே ஆஸ்பத்திரி வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். எது வேண்டும் என்று வெள்ளிக்கிழமைக்குள் ஆப்ஷன் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்களுக்கு மருந்துச் செலவு மட்டும்தான்.

இதைச் சொல்ல ஓவர்சியர் ஸ்கூட்டரில் வேலை நடக்கும் இடத்துக்கே வந்தார். டாப் கியர் ஸ்டார்ட் செய்த இஞ்சினைச் சாயங்காலம் வரை நிறுத்த மாட்டார். நான் முன்னால் கொடியோடு லாரிகளை நிறுத்திக்கொண்டிருந்தேன். அங்கே நடந்த பேச்சை ஓவர்சியர் பிறகு தலையில் அடித்துக்கொண்டு சொல்லித்தான் கேட்டேன். இஞ்சின் சத்தத்தில் அவர் சொன்ன ஆப்ஷன், டாப் கியர் காதில் ஆபரேஷன் என்று விழுந்திருக்கிறது.

அந்தக் காலத்து அரசாங்க ஊழியனுக்கு அந்த வார்த்தை போதும். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடித்து வரச் சொன்ன கதைகளையெல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

"எல்லாருமா சார்?"

"எல்லாரும்தான். வெள்ளிக்கிழமை கடைசி."

"எனுக்கு இன்னும் ஒரு புள்ளகூட இல்லியே சார்!"

"அதனால என்னப்பா? பின்னாடி பொறந்தா சேத்துக்கலாம்."

"வலிக்காதா சார்?"

"மாசாமாசம் கொஞ்சம் வலிக்கும். போகப் போகப் பழகிடும்."

"எங்க சார் பண்ணுவாங்க?"

"நம்ம ஆபீஸ்லதான். கிளார்க் பண்ணி விடுவாரு."

டாப் கியர் கியரைப் போட்டு ரோலரை நகர்த்திவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் ரோலரை ஆபீஸுக்கு நேர் எதிர்ப்பக்கம் திருப்பினார். "கொடி, நட."

"எங்கண்ணா?"

"மணிமங்கலம்."

மணிமங்கலத்தில் எங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனால் அவரிடம் எதிர்க்கேள்வி கேட்டு எனக்குப் பழக்கமில்லை. ரோலர் போனால் முன்னால் கொடி போக வேண்டும். தப்பித்து ஓடுகிற ஒருவருக்கு முன்னால் சிவப்புக் கொடி காட்டிக்கொண்டு போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

சைக்கிள்கள் எங்களைத் தாண்டிப் போயின. புல்லுக்கட்டு சுமந்த ஒரு அம்மாவும் தாண்டிப் போனார். "எங்கப்பா இவ்ளோ அவசரமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மதியத்துக்கு மேல் பின்னால் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. டாப் கியர் வேகத்தைக் கூட்டினார். அதாவது, கூட்டியது அவர் முகத்தில் தெரிந்தது.

"கொடி! ஓடுறா!"

நான் ஓடினால் அவர் பின்தங்கிவிடுவார் என்பதால் நடந்தேன்.

எல்லாரும் கொடுத்தும் இவர் மட்டும் ஆப்ஷன் கொடுக்கவில்லை என்று ஓவர்சியர் வீட்டுக்கே போய், கன்னியம்மா அக்காவைப் பின்னால் உட்கார வைத்து அழைத்து வந்திருந்தார். அக்கா இறங்கி, வலது விலாவைக் கையால் அமுக்கிக்கொண்டு நேராக ரோலருக்கு முன்னால் வந்து நின்றது. டாப் கியர் இஞ்சினை நிறுத்தினார். அந்த வட்டாரமே திடீரென்று அமைதியாகிவிட்டது.

"இன்னாய்யா, வூட்ல சொல்லாம கொள்ளாம எங்க ஓடற?"

"நீ கம்னு இரு. அந்தக் கிளார்க்கு பேனாவையே நேரா புடிக்க மாட்டான். அவன் கையால நான் ஆபரேஷன் பண்ணிக்கணுமா?"

ஓவர்சியருக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் மைல் கல் மேல் உட்கார்ந்துவிட்டார். "யோவ், ஆப்ஷன்யா! ஆப்ஷன்! உனக்கு எது வேணும்னு சொல்றது!"

"அத்த தமிழ்ல சொன்னா இன்னா சார்?"

ஓவர்சியர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டு வழியையும் தமிழிலேயே சொன்னார். எங்கள் ஆட்கள் எல்லாரும் கையில் வருவதையே கேட்டிருந்தார்கள். அது டாப் கியரின் போதனை. நமக்குத்தான் நோயே வராதே, ஆஸ்பத்திரிக்கு எதற்கு அழ வேண்டும் என்று எத்தனையோ மதியச் சாப்பாட்டில் அவர் முழங்கியிருக்கிறார்.

அக்கா மெதுவாகச் சொன்னது. "ஆபரேஷன் எனுக்குய்யா. நீ இன்னாத்துக்கு ஓடற?"

டாப் கியர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். இறங்கி வந்தார்.

"ஆஸ்பத்திரி போடுங்க சார்."

"என்னப்பா, ரோலர்காரனுக்கு நோயே வராதுன்னு சொல்வியே?"

"எனுக்கு வராது சார்" என்றார், குரல் கொஞ்சமும் இறங்காமல். "இவ ரோலர் ஓட்லியே."

ரோலர் சக்கரத்தின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். இரும்பு சுட்டிருக்கும். கையை எடுக்கவில்லை. ஓவர்சியர் ஆபீஸ் மூடுவதற்குள் ஸ்கூட்டரில் பறந்தார்.

கொஞ்ச நாளில் பூந்தமல்லி ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு ஆபரேஷன் நடந்தது. துணைக்கு நானும் போயிருந்தேன். கதவு மூடியதிலிருந்து டாப் கியர் ஒரு வார்த்தை பேசவில்லை. கர்ச்சீப்பை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். எத்தனையோ முறை அவர் வாய் ஓயாதா என்று நினைத்தவன் நான். அன்று வாயைத் திறந்து ஒரு பொய்யாவது சொல்ல மாட்டாரா என்று இருந்தது.

நர்ஸ் வெளியே வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லி, எடுத்த கற்களை ஒரு சின்ன பாட்டிலில் போட்டு அவர் கையில் கொடுத்தார். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கி, கண்ணைச் சுருக்கி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னாடா கொடி இது? சிப்ஸ் ஜல்லி அளவுகூட இல்ல. ரோட்டுக்கு ஒதவாத கல்லு. இதாடா இவ்ளோ ஆட்டம் காட்னிச்சு?"

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு எழுந்துபோய் ஒரு டீ குடிக்கலாம் என்று தோன்றியது.